சார்ஜர் சாகவில்லை

“சார்ஜர் போயிடுச்சா? அதெல்லாம் ரிப்பேர் ஆவாதுண்ணா. புதுசு வாங்கிக்கங்க.”

கார்ட்லெஸ் டிரில்லின் சார்ஜரை எடுத்துக்கொண்டு கள்ளக்குறிச்சி, சின்னசேலம், சங்கராபுரம் கடைத்தெருவில் எங்கே போய்க் கேட்டாலும் பெரும்பாலும் இந்தப் பதில்தான் வருகிறது. சொல்பவர் ஏமாற்றுக்காரர் இல்லை. அவருக்கு அப்படித்தான் சொல்லித்தந்திருக்கிறார்கள். விற்பனைப் பிரதிநிதி கடைக்காரரிடம் சொன்னதைக் கடைக்காரர் தச்சரிடம் சொல்கிறார். தச்சர் தன்னிடம் வேலை பழகும் பையனிடம் சொல்கிறார். இப்படியே இறங்கி வந்து, ஒருவரும் மூடியைக் கழற்றிப் பார்க்காமலே அது ஊரறிந்த உண்மையாகிவிட்டது. அது உண்மை இல்லை. பழுதென்று ஒதுக்கப்படும் சார்ஜர்களில் மிகுதியானவை கள்ளக்குறிச்சியிலேயே, இங்கே கிடைக்கும் பாகங்களை வைத்தே, பாதுகாப்பாகச் சரிசெய்யக் கூடியவை. தூக்கிப் போடச் சொல்லும் அறிவுரை தச்சரின் பணத்தை வீணாக்குவதோடு, பல நேரங்களில் அவரை அதைவிடப் பெரிய ஆபத்துக்குள்ளும் தள்ளுகிறது.

இந்த ஊருக்கு இது சின்ன விஷயம் இல்லை. கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கள்ளக்குறிச்சி, சின்னசேலம், திருக்கோவிலூர் வட்டாரங்களில் உளியும் கொட்டாப்புளியும் பிடித்துப் பிழைக்கும் குடும்பங்கள்தான் அந்தக் குறியீட்டுக்குச் சொந்தக்காரர்கள். செதுக்குவது இன்றும் கைவேலைதான். துளை போடவும் திருகு முடுக்கவும் பேட்டரி டிரில் வந்துவிட்டது. பட்டறையைவிட்டு வெளியே போகும் வேலைக்கு அது இல்லாமல் ஆகாது. கச்சிராயபாளையம் வழியாகக் கோமுகி அணையைத் தாண்டி, கல்வராயன் மலையேறி, கரியாலூரிலோ வெள்ளிமலையிலோ புது வீட்டுக்குக் கதவு மாட்ட ஒரு தச்சர் போகும்போது, அந்த வீட்டில் இன்னும் மீட்டரே வைத்திருக்க மாட்டார்கள். கீழே சார்ஜ் போட்டு எடுத்துப்போன இரண்டு பேட்டரிகளை நம்பித்தான் அன்றைய வேலை.

அவருடைய சார்ஜர் போனால் என்ன ஆகிறது என்று எண்ணிப் பாருங்கள். டிரில் நன்றாக இருக்கிறது. பேட்டரி இரண்டும் நன்றாக இருக்கின்றன. மூன்றும் சேர்ந்து முடங்குகின்றன. ஒரு நிறுவனத்தின் பேட்டரி இன்னொரு நிறுவனத்தின் சார்ஜரில் பெரும்பாலும் உட்காராது; காடியின் வடிவத்தையே மாற்றி வைத்திருக்கிறார்கள். தனிச் சார்ஜரின் விலையைக் கேட்டுவிட்டு, “இன்னும் கொஞ்சம் போட்டால் பெட்டியோடு முழு செட்டே வருகிறதே” என்று புது டிரில்லே வாங்கியவர்கள் உண்டு. விலை அப்படி வைக்கப்பட்டிருப்பது தற்செயல் என்று நான் நம்பவில்லை.

“இது எலெக்ட்ரானிக், நம்மால் ஆகாது” என்பதுதான் முதலில் சொல்லப்படும் காரணம். 1961-ல் பிளாக் அண்ட் டெக்கர் நிறுவனம் முதல் கார்ட்லெஸ் டிரில்லைக் கொண்டுவந்தபோது உள்ளே இருந்தது நிக்கல்–காட்மியம் பேட்டரி. அந்தக் கால சார்ஜரில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர், ஒன்றிரண்டு டயோடு, அவ்வளவுதான். லித்தியம் வந்த பிறகு உள்ளே போர்டு வந்தது. ஆனால் அந்தப் போர்டின் பெரும்பகுதி நம் ஊர் மெக்கானிக்குக் கைப்பழக்கமான ஒன்று. 2006-க்குப் பிறகு அரசு கொடுத்த இலவச வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகள் “பவர் சப்ளை போயிடுச்சு” என்று கடைக்கு வந்தபோது, அவற்றைத் திறந்து, கண்டன்சரும் டிரான்சிஸ்டரும் மாற்றி ஓடவைத்தவர்கள் இங்கே தெருவுக்கு ஒருவர் இருந்தார்கள். டிரில் சார்ஜரின் முன்பாதியில் இருப்பது அதே வகைப் பவர் சப்ளைதான். அளவு சிறியது, வேலை செய்யும் முறை ஒன்று.

மூடியைக் கழற்றுவதில் ஒரு தொல்லை உண்டு. நடுவில் முள் வைத்த நட்சத்திரத் திருகுகளைப் போட்டிருப்பார்கள். திறக்காதே என்பதற்கான ஏற்பாடு அது. அதற்கான முனை ஹார்டுவேர் கடையிலேயே கிடைக்கிறது. திறந்தால் போர்டின் நடுவே டிரான்ஸ்ஃபார்மர் தெரியும். அதற்கு ஒரு பக்கம் ஈ.பி. கரண்ட் வரும் பாதி, மறுபக்கம் பேட்டரியின் பாதி. வரும் வழியில் ஃபியூஸ், பக்கத்தில் நீலமாகவோ மஞ்சளாகவோ வட்டத் தகடுபோல் ஒரு வேரிஸ்டர், பிறகு நான்கு டயோடு சேர்ந்த பிரிட்ஜ், அதன்பின் குண்டாக ஒரு 400 வோல்ட் கண்டன்சர். அதையடுத்து மாஸ்ஃபெட், அதை இயக்கும் ஐ.சி. மறுபாதியில் டயோடு, இரண்டு மூன்று சிறு கண்டன்சர், பேட்டரியின் நிலையைப் பார்த்துச் சார்ஜைக் கூட்டிக் குறைக்கும் கட்டுப்பாட்டுப் பகுதி.

இனி, நம் பக்கத்தில் சார்ஜர் எப்படிப் போகிறது என்று பார்ப்போம். அதைச் சொல்லாமல் ரிப்பேர் ஆகுமா ஆகாதா என்று பேசுவதில் பொருளில்லை.

ஐப்பசி, கார்த்திகை மழையில், அல்லது சித்திரைக் கோடை இடியில், காற்றடித்து மரக்கிளை கம்பியில் விழுகிறது. மூன்று ஃபேஸுக்கும் பொதுவான நியூட்ரல் கம்பி அறுகிறது. வீட்டுக்கு வர வேண்டியது 230 வோல்ட். இரண்டு ஃபேஸுக்கு நடுவே இருப்பதோ 400 வோல்ட். நியூட்ரல் இல்லாதபோது இரண்டு ஃபேஸில் உள்ள வீடுகள் வரிசையாகக் கோர்க்கப்பட்டு அந்த 400-ஐப் பங்கு போட்டுக்கொள்கின்றன. எந்த வீட்டில் பயன்பாடு குறைவோ அந்த வீட்டில் வோல்டேஜ் ஏறுகிறது. இரவில் எல்லாம் அணைத்துவிட்டு சார்ஜரை மட்டும் போட்டு வைத்திருக்கும் பட்டறைதான் அதிகம் வாங்கிக்கொள்கிறது. 230 வோல்ட்டின் உச்சம் ஏறக்குறைய 325. அதை 400 வோல்ட் கண்டன்சர் தாங்கும். 400 வோல்ட்டின் உச்சமோ ஏறக்குறைய 565. அந்த நொடியில் வேரிஸ்டர் தன் வழியே கரண்டை இழுத்துக்கொண்டு வெடிக்கிறது, ஃபியூஸ் போகிறது, சார்ஜர் இருட்டாகிறது. மூடியைத் திறந்தால் கரி நாற்றம். பார்ப்பவர் “எல்லாம் போச்சு” என்கிறார்.

எல்லாம் போகவில்லை. வேரிஸ்டரும் ஃபியூஸும் அங்கே வைக்கப்பட்டிருப்பதே இதற்காகத்தான். அவை போய் மற்றவற்றைக் காப்பாற்ற வேண்டும் என்பது வடிவமைத்தவரின் கணக்கு. அந்தக் கணக்குச் சரியாக நடந்த சார்ஜரைத்தான் நாம் குப்பையில் போடுகிறோம். இரண்டையும் அதே அளவில் மாற்றி, பிரிட்ஜையும் மாஸ்ஃபெட்டையும் மீட்டரில் ஷார்ட் பார்த்து, பெரிய கண்டன்சர் உப்பியிருக்கிறதா என்று கவனித்தால் வேலை பாதி முடிந்தது. சில நேரம் மாஸ்ஃபெட்டும் சேர்ந்து போயிருக்கும். அதோடு ஒட்டியிருக்கும் சின்ன ரெசிஸ்டரையும் மாற்ற வேண்டியிருக்கும். எதுவும் சேலத்திலிருந்து வரவழைக்க வேண்டிய பொருள் இல்லை. எல்.இ.டி. பல்பின் டிரைவரிலும், பழைய செட்டாப் பாக்ஸிலும், டி.வி. போர்டிலும் இருக்கும் அதே குடும்பத்துப் பாகங்கள்தான்.

இடி மின்னல் இல்லாமலும் சார்ஜர் போகிறது. ஐ.சி.க்குக் கரண்ட் கொடுக்கும் ஒரு சிறு கண்டன்சர் இருக்கும், 22 அல்லது 47 மைக்ரோஃபாரட். டிரான்ஸ்ஃபார்மரின் சூட்டிலேயே ஆண்டுக்கணக்கில் நின்று அது காய்ந்துபோகும். அப்போது சார்ஜர் எழ முயன்று எழ முடியாமல் ‘டிக் டிக்’ என்று மெல்ல ஒலிக்கும், அல்லது விளக்கு மினுக்கி மினுக்கி அணையும். மாற்றுப் பாகம் சில ரூபாய். இன்னும் எளிய பழுதுகளும் உண்டு: வயர் கழுத்தில் உள்ளுக்குள் அறுந்திருக்கும், பைக்கில் பெட்டியோடு குலுங்கிக் குலுங்கிக் கனமான பாகத்தின் அடியில் ஈயம் விட்டிருக்கும், பேட்டரி உட்காரும் தகடு கருகியோ தளர்ந்தோ இருக்கும், நுண்ணிய மரத்தூள் போர்டில் படிந்து மழைக்கால ஈரத்தை இழுத்து வைத்திருக்கும். இவற்றுக்குப் புதுச் சார்ஜர் வாங்கச் சொல்வது அநியாயம்.

கெட்டே போகாத சார்ஜருக்குச் சாவுச் சீட்டு எழுதுவதும் நடக்கிறது. மெக்கானிக் மீட்டரை எடுத்து, பேட்டரி உட்காரும் தகட்டில் வைத்துப் பார்க்கிறார். பூஜ்யம் காட்டுகிறது. “அவுட்புட் இல்ல, போச்சு” என்று தீர்ப்பு. லித்தியம் சார்ஜர்கள் பலவும் பேட்டரி உட்காராதவரை வோல்டேஜ் வெளியே விடாது. பேட்டரிக்குள் இருக்கும் வெப்ப உணரியின் அளவைப் பார்த்து, பேட்டரி இருக்கிறது, சூடாக இல்லை என்று தெரிந்த பிறகுதான் திறந்துவிடும். ஆகவே வெறும் தகட்டில் பூஜ்யம் வருவது நல்ல சார்ஜரின் இயல்பாகவும் இருக்கலாம். உள்ளே டிரான்ஸ்ஃபார்மருக்கு அடுத்த டயோடைத் தாண்டி அளந்து பார்த்தால்தான் தெரியும். அதேபோல, சிவப்பு விளக்கு மினுக்கினால் சார்ஜரில்தான் பழுது என்றும் சொல்ல முடியாது. பேட்டரிக்குள் இருக்கும் செல்களில் ஒன்று இறங்கிப்போயிருந்தாலும், வெப்ப உணரியின் தகடு அழுக்கேறியிருந்தாலும் அதே விளக்குத்தான் மினுக்கும். நல்லதென்று தெரிந்த இன்னொரு பேட்டரியை வைத்துப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்பவர் தொழிலுக்கு நியாயம் செய்யவில்லை.

அடுத்து எதிர்த்தரப்பின் வலுவான வாதத்துக்கு வருகிறேன். ஆபத்து. “லித்தியம் வெடிக்கும், வீடு எரியும், மெக்கானிக்குக் கரண்ட் அடிக்கும்” என்கிறார்கள். இதை நான் தள்ளிவிட மாட்டேன். உள்ளே உண்மையான ஆபத்துகள் உண்டு. அவை எங்கே இருக்கின்றன என்று தெளிவாகச் சொல்லிவிடலாம். அதனால்தான் இந்த வேலையைக் கற்றுக்கொடுக்க முடிகிறது.

பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கண்டன்சரில் 325 வோல்ட் வரை தங்கியிருக்கலாம். ஸ்குரூ டிரைவரை வைத்துப் பொறி பறக்க ஷார்ட் செய்வது கெட்ட பழக்கம். கண்டன்சருக்கும் கேடு, கண்ணுக்கும் கேடு. ஒரு ரெசிஸ்டர் வழியாகவோ பழைய குண்டு பல்பு வழியாகவோ இறக்கிவிட்டு, மீட்டரில் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும். சரிசெய்ததும் நேராகப் பிளக்கில் போடக் கூடாது. 60 வாட் குண்டு பல்பைத் தொடராகப் போட்டுச் சோதிக்கும் வழக்கம் நம் மெக்கானிக்குகளுக்குப் புதிதில்லை. பல்பு ஒருகணம் எரிந்து மங்கினால் நல்லது. முழுசாக எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே இன்னும் ஷார்ட் இருக்கிறது.

அதைவிட முக்கியமானது, கரண்ட் பாதிக்கும் பேட்டரிப் பாதிக்கும் நடுவே உள்ள பிரிவு. போர்டில் அந்த இடத்தில் அகலமான இடைவெளி விட்டிருப்பார்கள், சிலதில் பலகையையே வெட்டியிருப்பார்கள். அந்தக் கோட்டைத் தாண்ட அனுமதிக்கப்பட்டவை டிரான்ஸ்ஃபார்மர், ஆப்டோகப்ளர், நீல நிறச் சிறு பாதுகாப்புக் கண்டன்சர் ஆகியவை மட்டுமே. அந்தக் கண்டன்சர் போனால் அதே பாதுகாப்பு முத்திரை உள்ளதைத்தான் போட வேண்டும். சாதாரண வில்லைக் கண்டன்சரைப் போட்டு அது ஷார்ட் ஆனால் பேட்டரித் தகட்டைத் தொடுகிறவர் மீது 230 வோல்ட் பாயும். இந்தப் பிரிவின் மேலேயே போர்டு கருகிக் கரியாகியிருந்தால், அந்தச் சார்ஜரைச் சரிசெய்யக் கூடாது. டிரான்ஸ்ஃபார்மர் எரிந்திருந்தாலும் அப்படித்தான். கட்டுப்பாட்டுச் சிப் செத்திருந்தால் அதற்குள் நிறுவனம் எழுதிய நிரலும் சேர்ந்து போயிருக்கும். அங்கேயும் நம் வேலை முடிந்தது. ஃபியூஸ் இருந்த இடத்தில் கம்பி சுற்றுவதும், வெப்ப உணரியை ரெசிஸ்டர் வைத்து ஏமாற்றுவதும், ஆழமாக இறங்கிய லித்தியம் செல்லுக்கு வேறொரு பேட்டரியால் உயிர் கொடுக்கப் பார்ப்பதும் ரிப்பேர் ஆகாது. அப்படி இறங்கிய செல்லுக்குள் செம்பு கரைந்து பரவி உள்ஷார்ட் உருவாகியிருக்கலாம். தீ அங்கிருந்துதான் கிளம்பும்.

இவ்வளவு ஆபத்தை ஒப்புக்கொண்ட பிறகும் தூக்கிப் போடச் சொல்வதை ஏன் மறுக்கிறேன்? இதே ஊரில் போர்வெல் மோட்டார் காயில் கட்டும் பட்டறைகள் இருக்கின்றன. மூன்று ஃபேஸ், 400 வோல்ட், தண்ணீருக்குள் முழுகி ஓடும் இயந்திரம். அது எரிந்தால் யாரும் “ஆபத்து, புதுசு வாங்கு” என்பதில்லை. பிரித்து, காயில் கட்டி, சோதித்து இறக்குகிறார்கள். நெல்லும் கரும்பும் மரவள்ளியும் அந்தக் கைகளை நம்பித்தான் விளைகின்றன. ஆபத்தான வேலையைக் கற்றுத் தேர்ந்து செய்யும் மரபு நம்மிடம் ஏற்கெனவே இருக்கும்போது, சார்ஜருக்கு மட்டும் அது செல்லாது என்று சொல்ல என்ன நியாயம்?

இன்னொன்று. புதுசு வாங்கு என்று சொல்லி அனுப்பப்பட்ட தச்சர் உண்மையில் என்ன வாங்குகிறார்? நிறுவனத்தின் சார்ஜர் விலை கட்டுப்படியாகாது. ஆன்லைனில் ‘21 வோல்ட் சார்ஜர்’ என்று பெயர் போட்டு விற்கும் ஏதோ ஒரு அடாப்டரை வாங்கி, முனையை வெட்டி, பேட்டரித் தகட்டில் கம்பியைச் செருகுகிறார். வெப்பத்தைப் பார்க்க அதில் ஆளில்லை. இன்னும் மோசமானதும் நடக்கிறது. மருந்தடிக்கும் பேட்டரி ஸ்பிரேயரின் சார்ஜர் விவசாய வீடுகளில் கிடக்கிறது. அது 12 வோல்ட் ஈய–அமில பேட்டரிக்கானது, 14.4 வோல்ட் வரை ஏற்றும். 12 வோல்ட் என்று எழுதியிருக்கும் லித்தியம் டிரில்லில் மூன்று செல். ஒரு செல்லுக்கு 4.2 என்று மொத்தம் 12.6 வோல்ட்தான் எல்லை. இரண்டிலும் ‘12 வோல்ட்’ என்று அச்சிட்டிருப்பதை நம்பி மாட்டினால் ஒவ்வொரு செல்லும் 4.8 வோல்ட்டை நோக்கி ஏறும். உள்ளே பாதுகாப்புப் போர்டு இருந்தால் தடுக்கும். மலிவு பேட்டரியில் அது இல்லையென்றால் தடுக்க எதுவும் இல்லை. பாதுகாப்பின் பெயரால் ரிப்பேரைத் தடுப்பவர்கள் இந்த இடத்துக்குத்தான் ஆட்களைக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். வேரிஸ்டரும் ஃபியூஸும் முறையாக மாற்றிய அசல் சார்ஜர் இதைவிடப் பல மடங்கு பாதுகாப்பானது.

சட்டமும் இந்த மனநிலையிலிருந்து வெளியே வரவில்லை. ஒன்றிய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் பழுதுபார்க்கும் உரிமைக்காகக் குழு அமைத்தது. அந்த ஆண்டு டிசம்பர் 24 அன்று அதற்கான இணையதளமும் வந்தது. எடுத்துக்கொண்ட துறைகள் நான்கு: விவசாயக் கருவிகள், கைபேசியும் டேப்லெட்டும், வீட்டு உபயோகப் பொருட்கள், வாகனங்கள். தச்சரின் டிரில்லுக்கு அதில் இடமில்லை. ஆனால் 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கும் மின்னணுக் கழிவு விதிகளைப் பாருங்கள். அந்தப் பட்டியலில் டிரில், ரம்பம், தையல் இயந்திரம் எல்லாம் பெயரோடு இருக்கின்றன. அதே டிரில் கழிவானால் அரசு கணக்கில் எடுத்துக்கொள்கிறது. உயிரோடு இருக்கும்போது அதைக் காப்பாற்றும் உரிமையைப் பேச மறந்துவிடுகிறது. உழைப்புக் கருவிகளை ஐந்தாவது துறையாகச் சேர்ப்பதும், சார்ஜரின் சர்க்யூட் படத்தையும் பாக எண்களையும் வெளியிட நிறுவனங்களைக் கட்டாயப்படுத்துவதும் பெரிய கோரிக்கைகள் இல்லை. பழைய ரேடியோவின் பின்மூடியிலேயே சர்க்யூட் படம் ஒட்டி வந்த காலம் ஒன்று இருந்தது.

மாநில அரசு 2023-ல் தொடங்கி, டாட்டா டெக்னாலஜிஸோடு சேர்ந்து 71 அரசு ஐ.டி.ஐ.களை நவீனமாக்கியிருக்கிறது. ரோபோவும் தானியங்கி இயந்திரங்களும் அங்கே வந்திருக்கின்றன. வரட்டும். அந்த வகுப்பறைகளிலேயே ஒரு மேசையில் பத்துப் பழுதான சார்ஜர்களை வைத்து, இது எப்படிப் போனது, எங்கே கை வைக்கலாம், எங்கே வைக்கக் கூடாது என்று ஒரு பருவம் சொல்லிக்கொடுத்தால், சங்கராபுரத்திலும் கல்வராயன் மலையிலுள்ள சேராப்பட்டிலும் அதை வைத்துப் பிழைக்கும் இளைஞர்கள் வருவார்கள். கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2024-ல் தானாக முன்வந்து விசாரிக்க வேண்டியிருந்தது. அங்கிருந்து ஒரு சார்ஜருக்காகப் பெருநகரத்து சர்வீஸ் சென்டருக்குப் போய்வருவது என்றால் கூலியும் போச்சு, பஸ் காசும் போச்சு. பழுது பார்ப்பவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

கடைசியாக, “கட்டுப்படியாகாது” என்ற வாதம். இதை மெக்கானிக்குகளே சொல்கிறார்கள், அதனால் கூடுதல் மரியாதையோடு பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. அவர்கள் சொல்வதில் பாதி நம்மைப் பற்றியது. சில ரூபாய்க் கண்டன்சரை மாற்றிவிட்டு முந்நூறு ரூபாய் கேட்டால் “இதுக்கா முந்நூறு?” என்று சண்டைக்குப் போகிறோம். அவர் நமக்குக் கொடுத்தது கண்டன்சர் இல்லையே. முப்பது நாற்பது பாகங்களுக்கு நடுவே அந்த ஒன்றைக் கண்டுபிடித்த ஒரு மணி நேரத்தைக் கொடுத்திருக்கிறார். அந்த நேரத்துக்குக் கூலி தராத ஊரில் அவர் ஏன் மூடியைக் கழற்ற வேண்டும்? “ஆவாதுண்ணா” என்று சொல்லி அனுப்புவது அவருக்கு லாபம். காயில் கட்டுபவரிடம் நாம் பேரம் பேசினாலும் கூலியை மறுப்பதில்லை. இவருக்கும் அதே வழக்கம் வர வேண்டும். மெக்கானிக்கும் துண்டுச்சீட்டில் ஒற்றைத் தொகை எழுதிக் கொடுக்காமல், பார்த்துச் சொல்ல இவ்வளவு, பாகம் இவ்வளவு, மாற்ற இவ்வளவு என்று பிரித்து எழுதட்டும். மாற்றிய பழைய பாகத்தையும் சேர்த்துக் கொடுக்கட்டும். சரிசெய்யக் கூடாத சார்ஜர் என்று அவர் சொன்னால், அதைப் பார்த்துச் சொன்னதற்கும் கூலி உண்டு.